முரட்டிசையின் வேர்கள்

கரடுமுரடான குரலும் மிடுக்கும் கலந்த ராக் இசைத்தட்டுகளுள் தலையாயது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எக்சைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' எனலாம். வரிச்சுமை தாளாது இங்கிலாந்தை நீங்கிய அக்குழுவினர், பிரான்சின் தென்கரையில் ஒரு மாளிகையின் நிலவறையில் 1971இல் இதன் பாடல்கள் பலவற்றைப் பதிவு செய்தனர்.

இதில் தோய்ந்தோர் இதுபோன்ற பிறவற்றை நாடுதல் இயல்பே. அதே குழுவினரின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' (1971) அவர்கட்கு ஏற்றது. ஆயினும், கனியைச் சுவைத்தோர் வேரையும் அறிதல் வேண்டும். 'எக்சைல்' தட்டிலேயே ராபர்ட் ஜான்சன் என்னும் கறுப்பினக் கலைஞரின் பாடலொன்று இடம்பெற்றுள்ளது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் அவர் பாடியவற்றுள் சிலவற்றைக் கொலம்பியா நிறுவனம் 1961இல் 'கிங் ஆஃப் தி டெல்டா புளூஸ் சிங்கர்ஸ்' எனத் தொகுத்தளித்தது.

மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்தில் உழைத்த மடி வாட்டர்ஸின் குரலை, ஆலன் லோமாக்ஸ் என்னும் நாட்டுப்பாடல் ஆய்வாளர் 1941இல் அங்கேயே பதிவு செய்தார். பின்னர்ச் சிகாகோவில் குடியேறிய வாட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட பாடலொன்றின் பெயரே அவ்வாங்கிலக் குழுவிற்குப் பெயராயிற்று! அவர்தம் 'ஹார்டு அகெய்ன்' (1977) முதுமையிலும் தளராத மிடுக்குக்குச் சான்றாகும்.

இவ்விருவரையும் செவிமடுத்தபின் 'எக்சைலை' மீண்டும் கேளுங்கள். அந்த ஆரவாரத்தின் அடியில், உழைத்தோர் துயரம் ஒலிப்பதை உணர்வீர்கள். புகழ் கிளைக்குச் சேரினும் நன்றி வேருக்கே உரியது.