கீழ் ஒட்டிவாக்கத்துச் சுபேதார்



நான் வாழும் மூலக்குளத்திலிருந்து கிழக்கே சென்றால் புதுவைக் கடற்கரை. மேற்கே சென்றால் வில்லியனூரும், அதற்கப்பால் விழுப்புரமும். 1954 நவம்பர் 1-ஆம் நாள் வரையில் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதைச் சூழ்ந்த தமிழ்நாடோ 1947 வரையில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஒரே மொழி பேசி, ஒரே கோயில் திருவிழாவுக்குக் கூடிய மக்கள், போர் என்று வந்தபோது இரு வேறு கொடிகளின் கீழ் அணிவகுத்தார்கள்.

புதுவைக் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. முதல் உலகப் பெரும்போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டு, 1938-இல் திறந்து வைக்கப்பட்டது அது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாளையொட்டி அதற்கு விளக்கேற்றி மரியாதை செய்கின்றனர். அச்சின்னத்தைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. அயலார் கொடியின் கீழ், அயல் மண்ணில் மாண்ட நம்மவரை நாம் எவ்வாறு நினைப்பது? அவ்வினாவுக்கு விடை தேட, இன்று உங்களுக்கு ஒரு தமிழ் வீரரின் வரலாற்றைக் கூற விழைகின்றேன்.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த சிற்றூர் கீழ் ஒட்டிவாக்கம். அவ்வூரில் 1912-ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணியன். வளர்ந்தபின் அவர் சேர்ந்த படை, சென்னைச் சாப்பர் படை எனப்படும் பொறியாளர் படையாகும். 1780-இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த பழம்பெரும் படை அது. அப்படையின் வீரர்களை மொழி வேற்றுமையின்றி எல்லாரும் 'தம்பி' என்றே அழைப்பர். உறவு முறையே ஒரு படையின் பெயராக வழங்குவது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

சாப்பர் வீரனின் தொழில் என்ன? பகைவனைச் சுடுவது மட்டுமன்று. ஆற்றுக்குப் பாலம் அமைப்பான்; இடிந்த சாலையைச் செப்பனிடுவான்; பகைவன் மண்ணில் புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி அகற்றுவான். மற்றப் படையினர் முன்னேறுவதற்கு முன்பே அவன் அவ்வழியில் நடந்திருக்க வேண்டும். முள்வேலித் தடைகளைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்னும் வெடிக்குழாயை உலகப் படைகளுக்கு அளித்ததும் இப்பெங்களூர்ச் சாப்பர்களே. அது உருவானதும் சுப்பிரமணியன் பிறந்த அதே 1912-ஆம் ஆண்டில்தான்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 செப்டம்பரில் புதுவை ஆளுநர் பொன்வேன், ஜெர்மனிக்கு அடிபணிந்த பிரெஞ்சு அரசை விட்டு, தளபதி டெகால் அவர்களின் பக்கம் சேர்ந்தார். ஆக, கீழ் ஒட்டிவாக்கமும் புதுவையும் இம்முறை போரில் ஒரே அணியைச் சார்ந்தவையாயின. சுப்பிரமணியன் சுபேதார் பதவிக்கு உயர்ந்தார். அது வைசிராயின் ஆணை பெற்ற இந்திய அதிகாரிகளின் பதவி. ஆங்கில அதிகாரிகளுக்கும் இந்தியச் சிப்பாய்களுக்கும் இடையே நின்று, அவர்கள் சொல்லை இவர்களுக்கும், இவர்கள் குறையை அவர்களுக்கும் எடுத்துரைக்கும் பொறுப்பு அவர்களுடையது.

1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டுப் போர்முனையைப் பாருங்கள். நேப்பிள்சு நகரிலிருந்து உரோமாபுரிக்குச் செல்லும் பெருவழியைக் காசினோ மலை காவல் காக்கின்றது. ஜெர்மானியர் அங்கே அரண் அமைத்திருந்தனர். பிப்ரவரி 15-ஆம் நாள் நேச நாட்டு விமானங்கள் மலை உச்சியிலிருந்த பழைய கிறித்தவ மடத்தைக் குண்டு வீசித் தகர்த்தன. அதையொட்டி நான்காம் இந்திய டிவிஷன் மலைமேல் நடத்திய தாக்குதல் கடுஞ்சேதத்துடன் நின்றது. அடுத்த தாக்குதலுக்கு 24-ஆம் நாளே ஆயத்தமாக இருந்தும், மழையும் சேறும் அதை மார்ச் 15 வரை தள்ளிவைத்தன. காலாட்படை காத்திருக்கலாம், சாப்பருக்கு ஓய்வில்லை. சாலை வேண்டும், சாலைக்குக் கண்ணியற்ற நிலம் வேண்டும்.

கண்ணி அகற்றும் முறையைச் சிறிது விளக்குகின்றேன். ஒருவன் நீண்ட கோலின் முனையில் பொருத்திய கருவியைத் தரையோடு ஒட்டி அசைத்துக்கொண்டே மெல்ல நடப்பான். அடியில் உலோகம் இருந்தால் அவன் காதில் மாட்டிய குழலில் ஒலி மாறும். பின்வருபவர் மண்டியிட்டு, துப்பாக்கிச் சனியனால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்து, கண்ணியை வெளிக்கொணர்ந்து செயலிழக்கச் செய்வர். தூய்மையான வழியின் இருபுறமும் வெள்ளை நாடா இடுவர். ஆயினும் மரப்பெட்டியில் வைத்த கண்ணிகள் கருவிக்குத் தப்பிவிடும். மற்றொரு வகைக் கண்ணியோ, மிதித்தவுடன் வெடிப்பதில்லை. சுமார் நான்கு நொடி கழித்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் மேலெழும்பி வெடிக்கும். முந்நூறுக்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுகளை நாற்புறமும் சிதறும். சுற்றி நிற்பவர் அனைவரையும் ஒருங்கே வீழ்த்துவதற்கென்றே செய்த பொறி அது.

1944 பிப்ரவரி 24-ஆம் நாள், காசினோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் ஊரின் அருகே சுபேதார் சுப்பிரமணியன் தம் வீரர்களுடன் இப்பணியில் ஈடுபட்டிருந்தார். ஒரு கண்ணி தூண்டப்பட்டது. சிந்திக்கவும் காலமில்லாத அந்தக் கணத்தில் அவர் அதன்மேல் பாய்ந்து விழுந்து, தம் உடலால் அதை மூடிக்கொண்டார். வெடியின் வேகம் முழுவதையும் தாமே ஏற்றார். அவர் மாண்டார்; அருகிலிருந்த தோழர்கள் உயிர் பிழைத்தனர்.

அவருடைய வீரத்துக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் விருது 1944 ஜூன் 30-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. 1940 செப்டம்பரில் ஏற்படுத்தப்பட்ட விருது அது. போர்க்களத்தில் பகைவரை எதிர்த்து ஆற்றும் வீரத்துக்கு விக்டோரியா சிலுவை எவ்வளவு உயர்ந்ததோ, பகைவர் கண்முன் இல்லாத இடத்தில் ஆற்றும் வீரத்துக்கு அவ்வளவு உயர்ந்தது இது. பழைய பதக்கம் ஒன்றுக்கு மாற்றாக இதனைப் பெற்ற இந்தியர் சிலர் உண்டு. நேரடியாக இவ்விருது பெற்ற முதல் இந்தியர் சுப்பிரமணியனே.

1945-ஆம் ஆண்டு, டில்லியில் வைசிராய் வேவல் பிரபு அவ்விருதை வழங்கினார். அதைப் பெற்றுக்கொண்டவர் சுப்பிரமணியனின் மனைவி துர்க்கம்மாள். செங்கற்பட்டுச் சீமையின் சிற்றூர்க் குடும்பத்துப் பெண் ஒருவர், நெடுந்தொலைவு கடந்து தலைநகரில் நின்று, கணவருக்கு ஈடாக ஒரு வெள்ளிச் சிலுவையைக் கையில் வாங்கினார். அவர் இழந்ததையும் பெற்றதையும் எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? போர் வரலாறுகளில் தளபதிகளுக்குப் பல பக்கங்கள் உண்டு. கைம்பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான்.

வீழ்ந்தவனின் குடும்பத்தைக் காப்பது ஊரின் கடமை என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அவன் குடும்பத்துக்கு நிலம் விட்டனர். அந்நிலக்கொடைக்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். அவன் சிந்திய உதிரத்துக்கு ஊர் அளித்த ஈடு அது. பிரெஞ்சு நாடும் முதல் உலகப் போரின் நடுவே, 1917 ஜூலையில், போரில் தந்தையை இழந்த பிள்ளைகளை நாடே தத்தெடுத்துக்கொள்ளும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. காலமும் நாடும் வேறாயினும் எண்ணம் ஒன்றே.

இனி, தொடக்கத்தில் நான் எழுப்பிய வினாவுக்கு வருகின்றேன். சுப்பிரமணியன் மாண்டதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 22-ஆம் நாள், புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் அன்னை கஸ்தூரிபா உயிர் நீத்தார். காந்தியடிகள் அச்சிறையிலேயே இருந்தார். கிழக்கே மலேயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் பலர், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்து நின்றனர். அந்நிலையில், அதே ஆங்கிலேயரின் சீருடை அணிந்து மாண்டவரை வீரர் எனலாமோ என்று சிலர் வினவக்கூடும்.

அவ்வினாவை நான் இழிவாகக் கருதவில்லை. அடிமை நாட்டின் மக்களைக் கேளாமலே அந்நாட்டைப் போரில் இறக்கியது ஆங்கில அரசு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அரசின் நோக்கம் வேறு. அதன் படையில் நின்ற மனிதனின் அறம் வேறு. மிஞ்ஞானோவில் சுப்பிரமணியன் எந்தப் பேரரசைக் காக்கப் பாய்ந்தார்? தம்மோடு உண்டு, தம்மோடு உறங்கிய தோழர்களைக் காக்கவே பாய்ந்தார். அவர் கையால் அந்தக் கணத்தில் ஒருவரும் மடியவில்லை; அவரால் சிலர் வாழ்ந்தனர். அச்செயல் எக்கொடிக்கும் உரியதன்று, மனிதருக்கு உரியது. மலேயாவில் புறப்பட்ட தமிழனையும், இத்தாலியில் வீழ்ந்த தமிழனையும், புதுவைச் சின்னம் நினைவூட்டும் தமிழனையும் ஒருசேர நினைக்கும் அளவுக்கு நம் உள்ளம் விரிந்திருத்தல் வேண்டும்.

இத்தாலியப் போர்முனையில் சுமார் 50,000 இந்தியர் போரிட்டனர். 5,782 பேர் மீளவில்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு கீழ் ஒட்டிவாக்கம் உண்டு. ஒரு துர்க்கம்மாளும் உண்டு.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது ஒன்று. முதல் உலகப் போருக்குச் சென்றவர் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர் இத்தனை பேர் என்று பொறித்த சலவைக்கற்கள் நம் ஊர்கள் பலவற்றில் இன்றும் சுவரோடு சுவராக இருக்கின்றன. அவற்றில் எண்கள் உண்டு. பெயர்கள் பெரும்பாலும் இல்லை. உங்கள் ஊரில் அத்தகைய கல் இருக்கின்றதா என்று பாருங்கள். முதியோரிடம் கேட்டு, சென்றவர் யார், அவர்தம் குடும்பம் என்னவாயிற்று என்று எழுதி வையுங்கள். கல்லில் எண் மட்டும் போதுமென்று அன்றைய அரசு எண்ணியது. அவ்வெண்ணுக்குப் பெயரும் பெற்றோரும் தேடித் தருவது உங்கள் தலைமுறையின் கடமை.