மெய்நிகர் இசைக்கருவிகளும் வீட்டு இசைப்பதிவும்

மெய்நிகர் இசைக்கருவி என்பது கணினியில் மென்பொருளாக இயங்கும் இசைக்கருவி. பியானோ, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் முதலிய கருவிகளின் ஒலியை இது பதிவுசெய்த ஒலி மாதிரிகளைக் கொண்டோ கணக்கீட்டின் மூலமோ உருவாக்குகிறது. வாசிப்பவர் கணினியுடன் இணைந்த ஒரு கீபோர்டை அழுத்துவார். ஒலி கணினியிலிருந்து வரும். இன்று ஒரு வீட்டின் சிறு அறையிலேயே முழுப் பாடலையும் உருவாக்க முடிவதற்கு இவ்வகை மென்பொருட்கள் முக்கியக் காரணம்.

இக்கருவிகளைப் பற்றிப் பேசும்போது தரம், உறுதிப்பாடு என இரு சொற்கள் அடிக்கடி வரும். ஒலி மூலக்கருவிக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது தரம். மென்பொருள் தடையின்றி எவ்வளவு நேரம், எத்தனை ஆண்டுகள் இயங்குகிறது என்பது உறுதிப்பாடு. தமிழிசைக்கும் நாட்டார் இசைக்கும் இவ்விரண்டும் மேலையிசையில் இல்லாத சில கேள்விகளை எழுப்புகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் வில்லுப்பாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தொடக்கம்

ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டு விசையால் இயக்கும் எண்ணம் கணினிக்கு முந்தையது. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மெலோட்ரான் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடாத் துண்டு உண்டு. கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடி, புல்லாங்குழல் அல்லது வயலின் ஒலி வரும். ஏறத்தாழ எட்டு வினாடிகளில் நாடா முடிந்துவிடும். விரலை எடுத்து மீண்டும் அழுத்த வேண்டும். பயணத்தில் நாடாக்கள் சிக்கிக்கொள்வதும் சுருதி விலகுவதும் வழக்கம். பதிவுசெய்த ஒலியைக் கொண்டு இசைக்கும் கருவிகளின் உறுதிப்பாட்டுச் சிக்கல் அப்போதே தொடங்கிவிட்டது.

1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் ஃபேர்லைட் என்ற கருவியை வெளியிட்டனர். இது ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்து, எந்தச் சுரத்திலும் மீண்டும் ஒலிக்கச் செய்தது. விலை மிக அதிகம் என்பதால் பெரிய கலையகங்களுக்கு மட்டுமே எட்டியது.

மிடி நெறிமுறை

வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணுக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள உருவான பொது மொழி மிடி. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காகேஹாஷி, அமெரிக்காவின் டேவ் ஸ்மித் ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒரு கம்பியால் இணைத்து வாசித்துக் காட்டப்பட்டன. இப்பணிக்காக இருவரும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது பெற்றனர்.

மிடி ஒலியைக் கடத்துவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன், எப்போது விடப்பட்டது என்ற செய்தியை மட்டுமே கடத்துகிறது. அழுத்தும் விசையை 128 படிகளாகப் பிரிக்கிறது. பியானோ போன்று ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்கும் கருவிகளை மனத்தில் கொண்டு அமைந்த முறை இது.

1991-இல் பொது மிடி என்ற தரப்பட்டியல் வந்தது. எல்லாக் கருவிகளும் ஒரே வரிசையில் தரவேண்டிய 128 ஒலிகளை அது வகுத்தது. அதில் 105-ஆம் எண் சிதார், 112-ஆம் எண் ஷெனாய். இந்திய இசைக்கருவிகளாக இடம்பெற்றவை இவை மட்டுமே. வீணை, நாதஸ்வரம் ஆகியவை இல்லை. தாளக் கருவிகளின் தனிப்பட்டியலில் மிருதங்கமும் தபேலாவும் இல்லை. தொடக்கக் காலக் கீபோர்டுகளில் நாதஸ்வரம் வேண்டியவர்கள் ஷெனாய் ஒலியை வைத்தே ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

தமிழகத்தில்

தென்னிந்திய இசையுலகில் மரபுக்கருவியின் இடத்தை முதலில் பரவலாகப் பெற்ற மின்னணுக் கருவி சுருதிப்பெட்டி. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுச் சுருதிப்பெட்டி 1979-இல் அறிமுகமானது. பின்னர் மின்னணுத் தம்புராவும் வந்தது. இவை கச்சேரி மேடைகளில் எளிதாக ஏற்கப்பட்டன. சுருதி என்பது மாறாமல் நிற்க வேண்டிய ஒலி. மாறாமல் நிற்பது இயந்திரத்துக்கு எளிது.

திரையிசையில் 1986-இல் வெளியான புன்னகை மன்னன் கணினி வழி இசை பயன்பட்ட முதல் தமிழ்ப் படமாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. இதற்கு இசையமைத்தவர் இளையராஜா. ஏ.ஆர். ரகுமான் 1989-இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-இல் வெளியான ரோஜா படத்தின் இசை அங்கே உருவானது. அப்படத்துக்கு அவர் தேசிய விருது பெற்றார். பெரிய கூடத்தில் முழு இசைக்குழுவையும் ஒருசேர அமர்த்திப் பதியும் முறைக்கு மாற்றாக, வீட்டை ஒட்டிய கூடத்தில் ஒலித்தடங்களை ஒவ்வொன்றாக அடுக்கும் முறை தமிழகத்தில் பரவ இது வழிகாட்டியது.

கருவி மென்பொருளாதல்

1996-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற முறையை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் வேறொருவர் எழுதிய சிறு மென்பொருளைச் செருகி இயக்க இது வழிசெய்தது. 1999-இல் வந்த இதன் இரண்டாம் வடிவில் இசைக்கருவிகளையும் செருக முடிந்தது. மெய்நிகர் இசைக்கருவி என இன்று அழைக்கப்படுவது இவ்வாறு பரவலானது.

அடுத்த தடை நினைவகம். ஒரு பியானோவின் 88 கட்டைகளையும் நான்கு வித விசைகளில், ஒவ்வொன்றும் 20 வினாடி வீதம் குறுந்தகட்டுத் தரத்தில் பதிந்தால் ஏறத்தாழ 1.24 ஜிகாபைட் வேண்டும். 1990-களின் இறுதியில் வீட்டுக் கணினிகளின் நினைவகம் பொதுவாக இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1998-இல் அமெரிக்காவில் வெளியான கிகாசாம்ப்ளர் இதைத் தீர்த்தது. ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க வன்தட்டிலிருந்து எடுத்தது. 2002-இல் பெர்லினிலிருந்து வந்த கான்டாக்ட் மென்பொருளும் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டது.

ஒலியின் தரம்

நல்ல மெய்நிகர் கருவியில் ஒரே சுரத்துக்குப் பல ஒலி மாதிரிகள் இருக்கும். மெல்ல வாசித்தால் ஒன்று, அழுத்தி வாசித்தால் வேறொன்று. ஒரே அடியை அடுத்தடுத்து அடிக்கும்போது மாதிரிகள் மாறி மாறி ஒலிக்கும். இல்லையென்றால் எல்லா அடிகளும் அச்சில் வார்த்ததுபோல் இருந்து, கேட்பவர் இயந்திரத்தை உடனே கண்டுகொள்வார்.

தமிழிசைக்கு இது போதாது. நம் இசையில் சுரத்தைவிட ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியே இராகத்தைக் காட்டுகிறது. இது கமகம் எனப்படுகிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில் உள்ள இசைத்தூண்களைக் கொண்டு இதை விளக்கலாம். தட்டினால் ஒவ்வொரு சிறு தூணும் தனக்குரிய ஒலியைத் தருகிறது. ஆனால் ஒரு தூணின் ஒலியிலிருந்து அடுத்ததன் ஒலிக்கு வழுக்கிச் செல்ல முடியாது. தனித்தனி ஒலி மாதிரிகளால் அமைந்த மெய்நிகர் கருவியின் நிலையும் இதுவே.

நாதஸ்வரத்தில் சீவாளியில் ஊதும் காற்றின் அழுத்தமும் விரல் துளையைப் பாதி மூடுவதும் சுரத்தை வளைக்கின்றன. கீபோர்டில் இதற்கு ஒரு சக்கரம் உண்டு. மிடி முறையில் அது ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாகவே வளைக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க உதவும் விரிவாக்கம் 2018-இல்தான் ஏற்கப்பட்டது. 2020-இல் வெளியான மிடி 2.0 அழுத்த விசையை 65,536 படிகளாக உயர்த்தியது. கருவி மட்டும் மேம்பட்டால் போதாது; கமகம் அறிந்தவர் கை அதன்மேல் இருக்க வேண்டும்.

வில்லுப்பாட்டுக் கருவிகள்

கன்னியாகுமரி, திருநெல்வேலி வட்டாரங்களில் சுடலைமாடன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு நிகழ்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் இக்கலையைக் கோயில் வளாகத்துக்கு வெளியேயும் புகழ்பெறச் செய்தார். மணிகள் கட்டிய வில், வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை இதன் கருவிகள். பிற்காலத்தில் ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்தன. இன்று சில குழுக்களில் கீபோர்டும் ரிதம் பேடும் உள்ளன.

இக்கருவிகளை ஒலி மாதிரிகளாக்குவது கடினம். வீசுகோல் நாணில் படும்போது வில்லின் மணிகள் எல்லாம் குலுங்குகின்றன. இரு அடிகளில் அவை ஒரே வகையாகக் குலுங்குவதில்லை. குடத்தின் வாயில் விசிறி போன்ற மட்டையால் அடிக்கும்போது எழும் ஆழ்ந்த ஒலி, அடித்த மட்டை வாயை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் அடிக்கும்போதே ஒலி ஏறி இறங்குகிறது. ஒற்றை ஒலியைப் பதிந்து கட்டையில் ஏற்றினால் இவற்றில் எதுவும் வராது.

இன்னொன்று காலம். கொடையில் சாமியாடுபவர் அருள் கொள்ளும் தருணத்தில் பாட்டின் வேகம் கூடும். ஆட்டம் தணியும்போது குறையும். புலவரின் வீசுகோலைப் பார்த்தே குடமும் உடுக்கையும் நடக்கின்றன. நிமிடத்துக்கு இத்தனை அடி என்று முன்கூட்டி அமைத்த தாளத் துணுக்கு ஆடுபவரைப் பார்ப்பதில்லை. பதிவறையில் குறையாகத் தெரியாத இந்த நிலைத்த வேகம் கொடையில் சடங்கையே பாதிக்கும்.

இயக்க உறுதிப்பாடு

கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாகக் கணக்கிடுகிறது. வினாடிக்கு 44,100 ஒலிப்புள்ளிகள் என்ற அளவில், 256 புள்ளிகள் கொண்ட தொகுதி 5.8 மில்லிவினாடி நீளும். அதற்குள் எல்லாக் கருவிகளின் ஒலியையும் கணினி கணக்கிட்டு முடிக்க வேண்டும். முடியாவிட்டால் ஒலியில் இடைவெளி விழும். அது ‘கரகர’ என்றோ ‘டிக்’ என்றோ கேட்கும்.

தொகுதியை 1,024 புள்ளிகளாகப் பெரிதாக்கினால் கணினிக்கு நேரம் கிடைக்கும். ஆனால் கட்டையை அழுத்தியபின் ஒலி வர 23 மில்லிவினாடி ஆகும். ஒலி காற்றில் அந்நேரத்தில் ஏறத்தாழ எட்டு மீட்டர் செல்லும். கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருக்க வேண்டிய குடக்காரர் மேடையின் மறுகோடியில் அமர்ந்து வாசிப்பது போன்றது இது. ஆகவே வாசித்துப் பதியும்போது சிறு தொகுதியும், பதிவை முடித்துக் கலக்கும்போது பெரிய தொகுதியும் வைத்துக்கொள்வது நடைமுறை. ஒலி அட்டையுடன் மென்பொருள் நேரடியாகப் பேச ஸ்டைன்பெர்க் 1997-இல் வெளியிட்ட ஆசியோ முறை, விண்டோஸ் கணினிகளில் இத்தாமதத்தைக் குறைத்தது.

கருவிகளின் ஆயுள்

இயங்கும்போது நின்றுபோவது ஒருவகைச் சிக்கல். சில ஆண்டுகளுக்குப் பின் திறக்கவே முடியாமல் போவது இன்னொரு வகை. வன்தட்டிலிருந்து வாசிக்கும் முறையைத் தந்த கிகாசாம்ப்ளரின் வழிவந்த மென்பொருள் 2008-இல் நிறுத்தப்பட்டது. ஒலிப்பதிவு மென்பொருளான கேக்வாக்கின் உருவாக்கத்தை 2017 நவம்பரில் அதன் உரிமை நிறுவனம் நிறுத்தியது. மறு ஆண்டு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அதை வாங்கி இலவசமாக அளித்தது. 2019-இல் ஆப்பிள் தன் புதிய இயங்குதளத்தில் 32-பிட் மென்பொருட்களை அடியோடு விலக்கியது. வி.எஸ்.டி. இரண்டாம் வடிவுக்கான ஆதரவை முடித்துக்கொள்வதாக ஸ்டைன்பெர்க் 2022-இல் அறிவித்தது.

இதனால் ஒருவர் பத்தாண்டுக்கு முன் அமைத்த பாடலின் கோப்பு கணினியில் அப்படியே இருந்தும், அதில் வாசித்த கருவி இல்லாமல் போகலாம். மிடி செய்தி மிஞ்சும், ஒலி மிஞ்சாது.

பாதுகாப்பு முறைகள்

வீட்டில் இசை பதிபவர்கள் கைக்கொள்ளும் வழிகள் எளியவை. ஒவ்வொரு மெய்நிகர் கருவியின் தடத்தையும் பாடல் முடிந்தவுடன் வேவ் கோப்பாக மாற்றித் தனியே சேமிப்பது முதலாவது. அக்கோப்பைத் திறக்க எந்தக் கருவி மென்பொருளும் தேவையில்லை. மிடி கோப்பையும் உடன் வைத்துக்கொண்டால் பின்னர் வேறு கருவியில் ஏற்றலாம். பயன்படுத்திய மென்பொருட்களின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி வைப்பது, பணி நடுவில் இயங்குதளத்தைப் புதுப்பிக்காதிருப்பது, வேறொரு வட்டில் படி எடுத்து வைப்பது ஆகியவை மற்றவை.

நாட்டார் இசைக்கு இதைவிட முக்கியமானது நேரடிப் பதிவு. குடம், உடுக்கை, வில் ஆகியவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே, தனித்தனி அடிகளாகவும் முழு நிகழ்ச்சியாகவும் பதிந்து, வாசித்தவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றுடன் சேமிப்பது தேவை. தனி அடிகளிலிருந்து நாளை யாரும் மெய்நிகர் உடுக்கை ஒன்றைச் செய்யலாம். அடிகள் எங்கே விரைந்தன, எங்கே தணிந்தன, ஏன் என்பதை முழு நிகழ்ச்சியின் பதிவிலிருந்தே அறிய முடியும்.