தெரியாதவரின் கை: சைகை மெனுவின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

'தொடக்கநிலையாளர்' என்ற சொல்லைக் கணிப்பொறி பற்றிய எழுத்துகள் ரொம்பச் சாதாரணமாகப் பயன்படுத்துகின்றன, ஏதோ அது ஒருவருடைய பிறவிக் குணம் என்பதுபோல. ஒரு கருவியின் முன்னால் ஒருவர் 'தெரியாதவர்' ஆவது அவருடைய அறிவின் குறையால் மட்டும் அல்ல. அந்தக் கருவி எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதாலும்தான். தெரிந்தவர்/தெரியாதவர் என்ற இந்த எதிர்வு எங்கே கட்டப்படுகிறது, எங்கே கலைகிறது என்ற கேள்வியோடு சைகை மெனுக்களின் வரலாற்றை வாசித்துப் பார்க்கலாம்.

சைகை என்று இங்கே சொல்வது, பேனாவாலோ மௌஸாலோ விரலாலோ திரைமேல் இழுக்கும் ஒரு கோட்டை. அந்தக் கோடே கட்டளை. மெனு என்பது கட்டளைகளின் பெயர்ப்பட்டியல். மெனு தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடும், ஆனால் மெதுவானது. சைகை வேகமானது, ஆனால் தன்னைப் பற்றி வாய் திறக்காது. வெறுந்திரையைப் பார்த்து, எந்தக் கோடு எதைச் செய்யும் என்று யாரும் கண்டுபிடித்துவிட முடியாது.

1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் தன்னுடைய அமைப்பைச் செய்துகாட்டினார். ஒரு கைக்கு மௌஸ். இன்னொரு கைக்கு ஐந்தே விசைகள் கொண்ட சிறு பலகை. ஐந்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்து அழுத்தினால் 31 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றாலேயே எழுத்துகளை உள்ளிடலாம். எந்தச் சேர்க்கை எந்த எழுத்து என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பயிற்சி பெற்றால் மனிதரின் ஆற்றல் பெருகும் என்பது எங்கெல்பார்ட்டின் நம்பிக்கை. அது பொய்யில்லை. ஆனால் பயிற்சிக்கு நேரமும் வசதியும் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

1981ல் ஜெராக்ஸ் ஸ்டார், 1984ல் ஆப்பிள் மெக்கின்டாஷ். இவை நேர் எதிர்த்திசையில் போயின. நினைவில் வைக்க வேண்டாம், பார்த்துத் தேர்ந்தெடு என்றன. கதவு திறந்தது உண்மை. ஆனால் உள்ளே இரண்டு பாதைகள் இருந்தன. தெரியாதவருக்குப் பட்டியல்; தெரிந்தவருக்கு விசைக் குறுக்குவழி. பட்டியலின் ஓரத்தில் குறுக்குவழியை அச்சிட்டு வைத்திருப்பார்கள்தான். ஆனாலும் பட்டியலை நூறுதடவை திறந்தாலும் கை அந்த விசையைப் பழகிவிடாது. ஏனென்றால் இது வேறு அசைவு, அது வேறு அசைவு. ஒன்றில் உழைத்த உழைப்பு மற்றதில் வரவாகாது.

இந்தப் பிளவில் முதல் விரிசல் வட்ட மெனுவால் விழுந்தது எனலாம். 1988ல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் காலகன், ஹாப்கின்ஸ், வைசர், ஷ்னைடர்மன் நால்வரும் 33 பேரை வைத்து எட்டு உருப்படிகள் கொண்ட மெனுக்களைச் சோதித்தார்கள். உருப்படிகளை வட்டமாக அடுக்கியபோது தேர்ந்தெடுக்கும் நேரம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது. ஆனால் இங்கு முக்கியமானது வேகம் அல்ல. வட்டத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு திசை வந்துவிடுகிறது. பட்டியலில் ஏழாவது வரி எது என்று கண்தான் தேட வேண்டும்; திசையைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கோர்டன் குர்டன்பாக்கும் பில் பக்ஸ்டனும். குர்டன்பாக்கின் முனைவர் பட்ட ஆய்வு (1993) 'மார்க்கிங் மெனு'வை விரிவாக வகுத்தது. செயல்பாடு எளிது. பேனாவைத் திரையில் ஊன்றி மூன்றில் ஒரு விநாடி தயங்கினால் வட்டம் விரியும். வேண்டிய பெயரை நோக்கி இழுத்தால் கட்டளை நிறைவேறும். தெரிந்தவர் தயங்குவதில்லை. வட்டம் விரியும் முன்பே அதே திசையில் ஒரு கோடு இழுத்துவிடுகிறார். அவ்வளவுதான். இருவர் கையும் செய்வது ஒரே அசைவு. தன்னை வெளிப்படுத்துதல், வழிநடத்துதல், ஒத்திகை என்று மூன்று கொள்கைகளாக இதை அவர் வைத்தார். மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது: தெரியாதவர் செய்யும் ஒவ்வொரு தேர்வும் தெரிந்தவரின் செயலுக்கான ஒத்திகை. மணலில் விரல்பிடித்து எழுதவைக்கும் முறையை அறிந்த நமக்கு இது புரியாததில்லை. விரல் போகும் வழியே எழுத்து.

1994ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பேர் தங்கள் அன்றாட வேலையிலேயே இதைப் பயன்படுத்தினார்கள். மெனுவைத் திறந்து தேர்வதைவிடக் கோடு இழுப்பது சராசரியாக 3.5 மடங்கு வேகமாக இருந்தது. இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இடையில் விட்டுப்போய்த் திரும்பி வந்தபோது, மறந்தவர்கள் கொஞ்சம் தயங்கி மெனுவைப் பார்த்துக்கொண்டு மறுபடி கோட்டுக்குப் போனார்கள். ஆக, தெரிந்தவர் என்பது ஏறி நின்றுவிடும் படி அல்ல. மறதிக்கும் அங்கே இடமிருந்தது. 1998ல் வந்த 'மாயா' என்ற முப்பரிமாண மென்பொருளில் இம்முறை இடம்பெற்றது.

இப்படிச் சொல்வதால் இதை விடுதலைக் கதையாக்கிவிடக் கூடாது. நல்ல கையெழுத்துக்காக மாணவனின் உடல் முழுவதும் ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டதை ஃபூக்கோ 1975ல் வெளியான தன் நூலில் விவரிக்கிறார். ஒத்திகையும் உடலைப் பழக்குவதுதான். குர்டன்பாக், பக்ஸ்டன் சோதனைகளிலேயே மேல், கீழ், இடம், வலம் ஆகிய நேர்த்திசைகளைவிடச் சாய்வுத் திசைகளில் பிழை கூடுதல்; மெனுவுக்குள் மெனு என்று ஆழம் போகப்போக இன்னும் கூடுதல். எந்தக் கட்டளைக்கு நேர்த்திசை, எதற்குச் சாய்வு என்று தீர்மானிப்பவர் வடிவமைப்பாளர். அந்தத் தீர்மானம் கைக்குள் இறங்கிவிட்டால் கேள்வியும் மறைந்துவிடுகிறது.

பிறகு 2007ல் ஐபோன் வந்தது. சைகை எல்லோர் விரலுக்கும் வந்துவிட்டது. ஆனால் டொராண்டோவின் பாடம் கூடவே வரவில்லை. 2010லேயே டான் நார்மனும் யாக்கோப் நீல்சனும், சைகை இடைமுகங்கள் எதைச் செய்யலாம் என்பதையே காட்டாமல் பின்னோக்கிப் போகின்றன என்று கண்டித்தார்கள். 2017ல் ஐபோன் எக்ஸில் முகப்புப் பொத்தானும் போனது. திரையின் அடியில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மிஞ்சியது. அதை மேலே தள்ள வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லுமா? பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

மாற்று இல்லாமலில்லை. 2008ல் ஒலிவியே போவும் வெண்டி மெக்கேயும் 'ஆக்டோபோகஸ்' என்ற ஒன்றைச் செய்தார்கள். கை தயங்கினால், பேனா முனையிலிருந்து சாத்தியமான பாதைகள் எல்லாம் பெயரோடு கிளைக்கும். ஒன்றைப் பின்பற்றப் பின்பற்ற மற்றவை மெலிந்து மறையும். நேர்க்கோடுகளுக்கு மட்டுமில்லை, வளைந்த சைகைகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டிலும் பொதுவானது ஒன்றுதான்: தயக்கத்தைக் கருவி பிழையாக எண்ணவில்லை, கேள்வியாக வாசித்தது. கற்பதற்கென்று தனிப்பட்டியலில் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. செய்துகொண்டே கற்க இடம் விட்டது. இன்று நம் கையிலிருக்கும் திரைகளில் இந்த இடம் எவ்வளவு இருக்கிறது? 'எனக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று போனைக் கீழே வைப்பவர்களிடம் குறை தேடுவதற்குமுன் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.