முற்றத்தில் நின்ற சிறு கார்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஓர் ஆசிரியர் வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் நின்ற பழைய காருக்கும் ஒரு வரலாறு உண்டு. மலிவான விலைக்கு வாங்கப்பட்டு, இரண்டு தலைமுறைக்கு உழைத்த சிறு கார்களுள் ஒன்றாகிய மொறிஸ் மைனரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்ணா நகரிற் பிறந்து, பின்னர் இங்கிலாந்திற் குடியேறியவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, சாதாரண குடும்பத்துக்கு ஏற்ற ஒரு காரைப் பற்றி அவர் சிந்திக்கத் தொடங்கிவிட்டார். மாதிரி வண்டி ஆயத்தமான பின்னர் அதன் அகலம் போதாதென்று கண்டார். வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிவைத்து அளவைத் திருத்தினார். மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் பட்டையான மேடு அத்திருத்தத்தின் அடையாளமே. 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் அது வெளிவந்தது. 1960இன் இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் உருவாயிற்று. அந்த எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் இதுவே.

அக்காலத்தில் இலங்கை வீதிகளிலும் பிரித்தானியக் கார்களே மிகுந்திருந்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் புதிய கார் எட்டாக்கனியாகவே இருந்தது. எனவே ஒரு கார் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. வைத்தியரிடமிருந்து ஆசிரியருக்கும், ஆசிரியரிடமிருந்து கடைக்காரருக்கும் சென்றது.

ஆசிரியராயிருந்த என் தந்தையார் வாங்கியதும் அவ்வாறு மூன்று கைகள் மாறி வந்த ஒரு மைனரே. வண்டியின் புதுப் பூச்சில் அவர் மயங்கி நின்றபோது, உடன் வந்த மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து அடியிற் படுத்துவிட்டார். எழுந்து வந்து, “மேலைப் பாத்து வாங்காதேங்கோ மாஸ்ரர், கீழைப் பாருங்கோ” என்றார். அது அனுபவத்தின் மொழி. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்தவை. ஆகவே கதவுகளின் கீழ்ப்புறமும் பின்வில்லுகள் பொருந்தும் இடமும் துருப்பிடித்துவிட்டால், வண்டியின் முதுகெலும்பே முறிந்தது போலாகும். எஞ்சினைக் கழற்றிச் சீர்செய்யலாம். உக்கிய தகட்டைச் சீர்செய்வது பெருஞ் செலவு.

பராமரிப்பும் அவ்வளவு அரிதன்று; தவறாமற் செய்வதே அரிது. முன்சில்லுகளைத் திருப்பும் மூட்டுகளுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்ற வேண்டும். அதை மறந்தவரின் வண்டியில், தேய்ந்த மூட்டு கழன்று சில்லு சரிந்துவிடுவதுண்டு. சனிக்கிழமை காலைதோறும் தந்தையார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எண்ணெயும் தண்ணீரும் பார்ப்பார். கிறீஸ் துப்பாக்கியை ஏந்தி நிற்பது என் கடமை.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்போது யாழ்ப்பாணத்துப் பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுறேற்றரில் விட்டு எஞ்சினை இயக்குவார்கள்; சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவாகையால் அது இயன்றது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும்; எண்ணெயை அடிக்கடி மாற்றாவிடில் உள்ளுறுப்புகள் தேய்ந்துபோகும். புகையும் நெடியும் கண்ணைக் கரிக்கும். எனினும் நோயாளரையும் பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை பெரும்பாலும் அந்தப் புகை வண்டிகளே. எங்கள் மைனரும் ஒருநாள் நள்ளிரவில் அயல்வீட்டுத் தாயொருவரை ஏற்றிச் சென்றது. விளக்கின்றி மெல்ல ஊர்ந்த அப்பயணத்தில், அது நின்றுவிடக்கூடாதே என்று தந்தையார் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. அது நிற்கவில்லை. சனிக்கிழமைக் காலைகளின் பயனை அன்றே உணர்ந்தேன்.

அந்த ஆண்டுகளிலேயே வேறொரு புதுமையும் நிகழ்ந்தது. இந்நாட்டிற் செய்யப்பட்ட மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. பிறந்த நாட்டிற் பழைய வண்டிகள் பிழைப்பதற்கு, வந்து சேர்ந்த நாட்டின் கைவினை உதவியது.

2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய கார்களின் விலை ஏறியதை நேயர்கள் அறிவீர்கள். இன்று பழைய கார் வாங்க எண்ணுவோர்க்கு அந்த மெக்கானிக்கின் சொல்லையே நானும் சொல்வேன். வாங்கும் நாளிற் கீழே குனிந்து பாருங்கள். வாங்கிய பின்னர் வாரந்தோறும் குனிந்து பாருங்கள். ஒரு வண்டி நமக்கு உதவும் நாள் எதுவென்று முன்னறிய முடியாது. அந்த நாளுக்காகவே மற்ற நாள்களிற் கவனம் வேண்டும்.