ஹெக்மன் திருத்தம்

ஹெக்மன் திருத்தம் என்பது, சமவாய்ப்பு முறையில் அமையாத மாதிரியைக் கொண்டு தொடர்புப் போக்குக் கெழுக்களை மதிப்பிடும்போது எழும் தெரிவுப் பிறழ்ச்சியைச் சரிசெய்யும் புள்ளியியல் முறை ஆகும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் 1970களில் இதனை உருவாக்கினார். இம்முறையை விளக்கும் அவரது கட்டுரை 1979 இல் எக்கனாமெட்ரிக்கா இதழில் வெளியானது. 2000 ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை அவர் டேனியல் மெக்ஃபேடனுடன் பகிர்ந்துகொண்டார்.

சிக்கல்

கல்வி பெண்களின் ஊதியத்தை எவ்வளவு உயர்த்துகிறது என ஆராயும்போது, வேலை செய்வோரின் ஊதியம் மட்டுமே தெரியவரும். குறைந்த கல்வியுடன் வேலைக்குச் செல்வோர், அளவிடப்படாத பிற திறன்கள் மிக்கவர்களாக இருக்கலாம். அவ்வாறாயின் கல்வியின் பயன் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். மாதிரியின் அளவைப் பெருக்கினாலும் இப்பிறழ்ச்சி நீங்காது. ஹெக்மன் இதனைச் சமன்பாட்டில் ஒரு மாறி விடுபட்டதால் எழும் பிழையாகக் கருதினார். அம்மாறியை மதிப்பிட்டுச் சேர்ப்பதே அவரது தீர்வு.

முறை

முதற் கட்டத்தில், வேலை செய்வோர், செய்யாதோர் அனைவரின் தரவையும் கொண்டு, ஒருவர் வேலையில் இருப்பதற்கான நிகழ்தகவு புரோபிட் முறையில் மதிப்பிடப்படுகிறது. அதிலிருந்து நேர்மாறு மில்ஸ் விகிதம் கணக்கிடப்படுகிறது. இது திட்ட இயல்நிலைப் பரவலின் அடர்த்திச் சார்பை அதன் குவிவுப் பரவல் சார்பால் வகுக்கக் கிடைப்பதாகும்.

இரண்டாம் கட்டத்தில், வேலை செய்வோரின் ஊதியச் சமன்பாட்டில் இவ்விகிதம் ஒரு மாறியாகச் சேர்க்கப்பட்டு, மீச்சிறு வர்க்க முறையில் கெழுக்கள் காணப்படுகின்றன. விகிதத்தின் கெழு சுழியத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால், தெரிவுப் பிறழ்ச்சி உள்ளது எனக் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டு

தாமஸ் மிரோஸ் 1987 இல் வெளியிட்ட ஆய்வின் தரவு பாடநூல்களில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அதில் இடம்பெற்ற 753 மணமான அமெரிக்கப் பெண்களுள் 428 பேர் 1975 இல் ஊதிய வேலை செய்தனர். ஊதியத்தின் மடக்கையைக் கொண்டு கணிக்கும்போது, ஓராண்டுக் கல்விக்கான கெழு திருத்தத்திற்கு முன் 0.108, பின் 0.109. மில்ஸ் விகிதத்தின் கெழு 0.032; அதன் திட்டப்பிழை 0.134. எனவே இத்தரவில் தெரிவுப் பிறழ்ச்சிக்குச் சான்று இல்லை.

வரம்புகள்

பிழை உறுப்புகள் இயல்நிலைப் பரவலில் அமைகின்றன என்பது இம்முறையின் எடுகோள். வேலைக்குச் செல்லும் முடிவைப் பாதித்து, ஊதியத்தை நேரடியாகப் பாதிக்காத மாறி ஒன்றேனும் முதற் கட்டத்தில் இருத்தல் வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இளங்குழந்தைகளின் எண்ணிக்கை அத்தகையதாகக் கொள்ளப்படுகிறது. அத்தகைய மாறி இல்லையெனில், மில்ஸ் விகிதம் பிற மாறிகளுடன் ஏறக்குறைய நேரியல் தொடர்பு கொண்டுவிடும். மதிப்பீடுகள் நம்பகத்தன்மை இழக்கும். மேலும், இரண்டாம் கட்டத்தின் வழக்கமான திட்டப்பிழைகளை அப்படியே பயன்படுத்தலாகாது; முதற் கட்ட மதிப்பீட்டின் நிச்சயமின்மைக்கு ஏற்ப அவையும் திருத்தப்பட வேண்டும்.