பரண் ஏறிய கதை

திருச்செந்தூர்க் கோயிலுக்கு வடபுறம், கடலோரப் பாறைக்குள் வள்ளி குகை இருக்கிறது. குனிந்து நுழைந்து கும்பிட்டுவிட்டு வருகிறோம். ஆனால் வள்ளி கதை தொடங்குவது பரணில். தினைப்புனத்தின் நடுவே உயரத்தில் உட்கார்ந்து கவண்கல் வீசிக் கிளி விரட்டிக்கொண்டிருக்கிறாள். வேடன் வேஷத்தில் வந்த முருகன் தரையில் நின்று பேச்சுக் கொடுக்கிறான். காவல்காரி மேலே, வேட்டைக்காரன் கீழே. பிற்காலத்தில் வேட்டைக்காரன் மேலே ஏறிக்கொண்டான். பரணின் கதை அந்த இடமாற்றம்தான்.

சங்கப் பாடல்களில் பரணுக்கு இதணம், கழுது என்று பல பெயர்கள். ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் இருந்தால் அது அன்றாடம் புழங்கிய பொருள் என்று நம்பலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் இதணம், புலி பயப்படும்படி மரத்தின் மேல் கட்டியது. பகலில் பெண்கள் அதில் இருந்து தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளால் சத்தம் எழுப்பிக் கிளியை ஓட்டுவார்கள். இரவில் யானைக்கும் பன்றிக்கும் ஆண்கள் காவல். அந்தக் காவலின் லட்சணத்தை அகநானூற்றின் 102-ஆம் பாட்டு சொல்லிவிடுகிறது. கானவன் கள் குடித்துவிட்டுக் கழுதில் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி தலையை உலர்த்தியபடி குறிஞ்சிப் பண் பாட, தினை மேய வந்த யானை மேய்ச்சலை மறந்து நின்றபடியே தூங்கிவிடுகிறது. கண்காணிக்க வேண்டியவன் போதையில், திருட வந்தது தூக்கத்தில். எந்தக் காவல்துறைக்கும் கிடைக்காத அமைதி அது.

உயரத்துக்கு ஒரு லாபம் உண்டு. மான், பன்றி, புலி எல்லாம் ஆபத்தைத் தரையில்தான் தேடும்; அண்ணாந்து பார்ப்பது அபூர்வம். மனித வாடையும் காற்றோடு மேலேயே போய்விட வாய்ப்பு இருக்கிறது. காவலுக்கு ஏறியவன் இதைக் கவனித்திருப்பான். விரட்டாமல் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் என்ன என்று ஒருவனுக்குத் தோன்றியதும் காவல்பரண் வேட்டைப்பரண் ஆகிவிட்டது. புதிதாக ஒரு கம்பைக்கூடக் கட்ட வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர்கள் இதை இந்தியிலிருந்து ‘மச்சான்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வேட்டைப் புத்தகங்களில் துரை மச்சான் மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார் என்று படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும். ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926-இல் சுட்டது ஒரு மாமரத்து மச்சானில் இருந்துதான்.

அவர்கள் பெயர் மாற்றியது பரணுக்கு மட்டும் அல்ல. திருநெல்வேலிப் பக்கம் மிளா என்றும், வடக்கே கடமான் என்றும், இலங்கைத் தமிழில் மரை என்றும் சொல்கிற பெரிய மானை இலங்கையில் அவர்கள் ‘எல்க்’ ஆக்கினார்கள். உண்மையான எல்க் வேறு. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு ஒரு மான், ஐரோப்பாவில் இன்னொன்று. ஊர் நினைப்பு போலும். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1850-களில் எழுதிய வேட்டைப் புத்தகத்தில் எல்க் வேட்டை நிறைய உண்டு. அத்தனையும் நம் மிளாதான். 1914-க்கு முன் சென்னையிலிருந்து போட்மெயில் ரயிலில் வந்து தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் மறுநாள் கொழும்பு. அந்த ஒரு ராத்திரிக் கடலில் மிளா எல்க் ஆகிவிடும். பேக்கர் மரம் ஏறிக் காத்திருக்கவில்லை. நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால் குத்தினார். வீரம் என்று அவர் நினைத்திருக்கலாம். மிளாவிடம் யாரும் கேட்கவில்லை.

கட்டிய பரணில் ஒரு தொல்லை. மரம் வெட்டி, கயிறு கட்டி, இலை மறைப்பு வைப்பதற்குள் காடு முழுக்கச் செய்தி போய்விடும். ஜவளகிரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன், மூங்கில் சட்டத்தில் நாடா பின்னிய சின்னக் கட்டில் ஒன்றைக் கூடவே கொண்டுபோய்க் கிளையில் கட்டிக்கொள்வார். தூக்கிச் செல்லும் பரண் என்று அதைச் சொல்லலாம்.

அமெரிக்காவில் இன்று எல்க் வேட்டைக்குப் போகிறவன் அலுமினியத்தில் செய்த பரணை முதுகில் மாட்டிக்கொண்டு போகிறான். மான் தண்ணீர் குடிக்கவோ சேற்றில் புரளவோ வரும் இடமாகப் பார்த்து ஒரு மரத்தில் பொருத்துகிறான். அதில், அதைக் கொண்டே மரம் ஏறும் வகை ஒன்று உண்டு. இரண்டு துண்டு: மேல் துண்டில் இருக்கை, கீழ்த் துண்டில் கால் வைக்கும் தட்டு. இருக்கையில் உட்கார்ந்து பாதத்தால் தட்டை மேலே இழு. தட்டில் நின்று இருக்கையை மேலே தள்ளு. ஒன்று மரத்தைப் பிடித்திருக்க மற்றது நகரும்.

இதைப் படத்தில் முதலில் பார்த்தபோது எனக்கு உடன்குடிப் பனையேறிதான் ஞாபகத்துக்கு வந்தார். கை மரத்தைக் கட்டிப்பிடித்திருக்கும்போது தளைநார் பூட்டிய கால் இரண்டும் மேலே போகும். கால் ஊன்றியதும் கை மேலே போகும். அதே கணக்கு, அலுமினியம் மட்டும் இல்லை. அமெரிக்கன் இங்கே பார்த்துப் படித்தான் என்று நான் சொல்லவில்லை. கிளை இல்லாத மரத்தில் ஏற வழி அவ்வளவுதான். கண்ணூர் செம்பேரிக்காரர் ஜோசப் தென்னைக்குச் செய்த ஏறும் கருவியும் இதே வழியில், இரண்டு துண்டாகத்தான் வேலை செய்கிறது.

வனவிலங்குச் சட்டப்படி இன்று மிளாவுக்காக இங்கே பரண் ஏற முடியாது. ஆனால் விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் மக்காச்சோளப் புஞ்சையில் ராத்திரி காட்டுப்பன்றி இறங்குகிறது. தகரத்தைத் தட்டிக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு சம்சாரிகள் விழித்துக் கிடக்கிறார்கள். தட்டைக்குப் பதில் தகரம், அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டு செல்போனில் ஓடுகிறது. பன்றி தூங்குவதாக இல்லை.