ஸ்கா இசையும் மலையகத் தப்பொலியும்

ஓர் இசைவடிவத்தை வரையறுக்க முற்படுவோர் பெரும்பாலும் அதன் தாளத்தையும் கருவிகளையுமே நோக்குவர். ஆயின், அவ்விசை யாருடைய விருப்பின்பேரில், எத்தகைய சமூக நிலையில் எழுந்தது என்பதும் வரையறையின் பாற்பட்டதே. ஜமெய்க்காவின் ‘ஸ்கா’ இசையையும் இலங்கை மலையகத்தின் தப்பிசையையும் ஒருங்கு வைத்து ஆராயும்போது இவ்வுண்மை புலனாகும்.

இவ்வொப்பீடு வலிந்து செய்யப்படுவதன்று. 1837இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லர் என்னும் துரை, ஜமெய்க்காவில் தாம் கற்ற கோப்பிச் செய்கை முறையையே கண்டி மலைகளிற் புகுத்தினார். மறு ஆண்டில் ஜமெய்க்காவில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது. இங்கோ தமிழகத்துக் கிராமத்து மக்கள் கூலிகளாகக் கொணரப்பட்டனர். 1845 முதல் ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். இரு தீவுகளின் இசையும் தோட்டத்து உழைப்பாளரின் வழிவந்தவை.

ஸ்கா இசை 1950களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரிலே உருவாயிற்று. நாட்டுப்புற ‘மென்டோ’ இசையும், வானொலி வழியே வந்த அமெரிக்கக் கறுப்பரின் இசையும் அதன் மூலங்களாம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில், எண்ணும் அடிகளில் அன்றி அவற்றின் இடைவெளிகளில் கிட்டாரும் பியானோவும் வெட்டி ஒலிப்பதே அதன் தலையாய இலக்கணம். அதன்மீது ஊதுகருவிகள் மெட்டிசைக்கும். கேட்போர் கால்கள் தாமே துள்ளும். 1962 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஜமெய்க்கா விடுதலை பெற்றபோது, புதிய குடிமக்களின் களிப்பிசையாக அது விளங்கியது.

இவ்விசையிற் சிறந்த குழு 1964இல் தோன்றிய ‘ஸ்காட்டலைட்ஸ்’ எனலாம். அதன் டிரொம்போன் கலைஞர் டொன் டிரம்மண்டும் சாக்சபோன் கலைஞர் டொமி மெக்குக்கும் கிங்ஸ்டனிலுள்ள அல்பா சிறுவர் பாடசாலையில் இசை பயின்றவர்கள். பின்னர், 1970களின் இறுதியில், இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் கறுப்பரும் வெள்ளையரும் இணைந்த ‘ஸ்பெஷல்ஸ்’ குழு இதே தாளத்தை நிறவெறிக்கும் வேலையின்மைக்கும் எதிரான குரலாக்கிற்று.

இனி மலையகத்தை நோக்குவோம். மரச்சட்டத்திலே தோல் போர்த்து, தீயிற் காய்ச்சி, இரு குச்சிகளால் அடிக்கப்படுவது தப்பு. விடியற்காலையில் அது தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. மாசி மாதத்து இரவுகளிலோ, ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ரதியும் மதனும் ஆடிய காமன் கூத்தை அதுவே நடத்திற்று. காலையில் துரையின் கட்டளையாக ஒலித்த கருவி இரவில் மக்களின் குரலாயிற்று. ஓசை ஒன்றே, அடிக்கச் செய்தவரே வேறு. தப்படிப்போர் சாதியின் பெயரால் இழிக்கப்பட்டமையும் மறைத்தற்குரியதன்று.

கிங்ஸ்டனில் ஒரு ஸ்கா தோன்றியது போல மலையகத்தில் நகரம்சார் புத்திசை ஒன்று அதே காலத்தில் ஏன் ஓங்கி எழவில்லை? திறமைக் குறைவு காரணமன்று. ஜமெய்க்கரிடம் தலைநகரம் இருந்தது, ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடியுரிமை இருந்தது. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. ஸ்காட்டலைட்ஸ் தோன்றிய அதே 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. கூத்து என்பது பல குடும்பங்களின் கூட்டுமுயற்சி. ஒரு லயத்தார் பிரிந்து செல்லுங்கால் பாடுவோரையும் அடிப்போரையும் ஆடுவோரையும் பிணைத்த கண்ணி அறுந்துபோதல் இயல்பே.

ஆகவே, ஸ்காவிற் சிறந்த குழு எது என்று வினவினால் பெயர் கூற முடிகின்றது, இசைத்தட்டுகளே சான்று. தப்பிசையிற் சிறந்தவர் யார் என்ற வினாவுக்கு, சென்ற தலைமுறைகளைப் பொறுத்தவரை, விடை அரிது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் நாட்டார் பாடல்களைத் தொகுத்ததனால் சொற்கள் ஓரளவு எஞ்சின. கலைஞரின் பெயர்களும் அடிமுறைகளும் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. தப்பை இழிவின் சின்னமாக அன்றி அடையாளத்தின் சின்னமாக மலையக இளைஞர் ஏந்தும் இக்காலத்தில், வாழ்கின்ற தப்புக் கலைஞரின் பெயரையும் அடியையும் தோட்டந்தோறும் சென்று பதிவுசெய்தல் கற்றோர் கடனாகும்.